அட்டையின் பின்பக்கம்

காலை ஐந்தரைக்கு
அட்டையைத் துடைத்து
தடித்த கறுப்பு மையில் எழுதுகிறேன்:
தக்காளி கிலோ ஒன்பது வெள்ளி.

போன வாரம் நான்கரை.
அதன் பின்பக்கம்தான் இது.

பவளக்கொடி அக்கா அட்டையைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்க்கிறார்.
"உன் கைக்கு என்னடி வந்துச்சு?"
ஏதோ என் விரல்தான்
மலையில் மழையை இறக்கியதுபோல.

மழைதான் என்கிறார் தவுக்கே லிம்.
மேலே பதினொரு நாள் விடவில்லை,
பிளாஸ்டிக் கூரையைக் காற்று கொண்டுபோனது,
தண்டு அழுகிவிட்டது,
மண் சரிந்த வளைவில்
ஒரு பக்கம் மட்டும் லோரி விடுகிறார்கள்.
சரி.
மழையில்லாத மாதத்திலும்
இந்த அட்டையைத் திருப்பியிருக்கிறேனே.

அப்போது உரம் என்றார்.
அதற்கு முன் பெர்மிட்:
பறிக்கிற பையன்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம்,
செடியிலேயே பழுத்து
செடியடியிலேயே விழுந்ததாம்.
சீனப் பெருநாள், தீபாவளி,
பாலத்துக்கு அப்பால் டாலர் கொடுத்து வாங்குகிறார்கள்.
எல்லாம் உண்மையாகவே இருக்கலாம்.
ஒன்பது வெள்ளியில்
மழைக்கு எத்தனை சென், பெர்மிட்டுக்கு எத்தனை
என்று யாரும் பிரித்துச் சொன்னதில்லை.

லோரிக்காரன் தர்மசீலன்தான் ஒருநாள்
கோப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னான்:
"டோல் மிச்சம் பிடிக்க
பழைய ரோட்டுலதான் இறங்குவேன்.
ராத்திரி ரெண்டு மணிக்கு
உங்க கடை லைட்டு தெரியும்."

எங்கள் கடையைத் தாண்டி
இரண்டு மணி நேரம் தெற்கே போய்
பெரிய பசாரில் இறங்கி
நாலு கை மாறி
வேறொரு லோரியில் ஏறி
மறுநாள் பீடோருக்கே திரும்பி வருகிறது
அதே தக்காளி,
கன்னம் நசுங்கி.
தாண்டிப் போனதற்கும் நாங்கள் கொடுக்கிறோம்,
திரும்பி வந்ததற்கும்.

ஊரைச் சுற்றிச் செம்பனை.
சாக்கடை வரை, சுடுகாட்டு வேலி வரை.
குலை குலையாய்ச் சிவக்கிறது,
டன் டன்னாய்ப் போகிறது.
ரசத்துக்கு ஆகாது.

குலை வெட்டும் ஏசுபாதம்
பெயிண்டு டின்னில் மூன்று செடி வைத்தார்.
இடுப்புயரம் வந்தது, மஞ்சளாய்ப் பூத்தது,
கொட்டியது.
மறுபடி பூத்தது,
கொட்டியது.
இரவு குளிர்ந்தால்தான் பிஞ்சு நிற்குமாம்.
எங்கள் ஊரில்
நிலா காயும்போதும் வேர்க்கும்.
இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்,
கேட்டால் "அதுக்குத் தெரியாதுல்ல" என்கிறார்.

தோசைக்கடை ஞானசௌந்தரி
சிவப்புச் சட்னியை நிறுத்தினார்.
"வெள்ளைதான் இனிமே."
அடுத்த வாரம் தேங்காய் ஏறியது.

கிலோ என்று இப்போது யாரும் கேட்பதில்லை.
"ரெண்டு குடு. பெருசா ஒண்ணு, சின்னதா ஒண்ணு."

நேற்று மதியம்
காற்றாடி அட்டையைப் புரட்டிப் போட்டது.
நான் கவனிக்கவில்லை.
பள்ளி வேன்காரர் வண்டியை நிறுத்தினார்.
பிறகு இரண்டு பேர். பிறகு எட்டுப் பேர்.
யாரும் பேசவில்லை,
யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை,
பை பையாய் அள்ளினார்கள்.
காலையில் போன அக்காவும்
எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டார்.

கல்லாவில் தவுக்கே ஒன்பதால் பெருக்க
அத்தனை விரல்களும் மேலே நீண்டன.
நான்கரை.
என் கையெழுத்து.

கொஞ்ச நேரம் காற்றாடிச் சத்தம் மட்டும்.
அப்புறம்
ஒவ்வொருவராய்க் கூடையில் கொட்டினார்கள்,
அடிபடாமல், மெதுவாக.
அக்கா நாலு மட்டும் வைத்துக்கொண்டு
சில்லறையை எண்ணினார்.
இம்முறை என்னைப் பார்க்கவில்லை.

"முதல்ல பழசை அழி" என்றார் தவுக்கே.
நான்கரையின்மேல் மையைத் தேய்த்தேன்,
நாலின் வால் மட்டும் போகவே மாட்டேன் என்றது.
சோப்புப் போட்டுக் கழுவியும்
இன்று காலை தோசை பிய்க்கும்போது
விரலெல்லாம் கறுப்பு.